சுழல் வார்ப்பு மெஷின்: பொம்மையின் முகம் மட்டும் காகிதம் மாதிரி வருகிறது, உதவுங்கள்

கொலுப்படி: வணக்கம். கொலுவுக்காக 9 அங்குலக் கிருஷ்ணர் பொம்மையை, உள்ளே கூடாக, பாலியூரித்தேன் ரெசினில் ஊற்றுகிறேன். மோல்டு சிலிகான், மேலே பிளாஸ்டர் கூடு. மெஷின் நானே வெல்டிங் வைத்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டம். வெளிச்சட்டத்தைப் பழைய வைப்பர் மோட்டார் சுற்றுகிறது, உள்சட்டம் பெவல் கியர் (சுழற்சியைக் குறுக்காகத் திருப்பும் சாய்வுப் பல்சக்கரம்) ஜோடியில் ஓடுகிறது, இரண்டிலும் 20 பல். 270 மில்லி ஊற்றுகிறேன், 3 நிமிடத்தில் இறுகிவிடுகிறது.

முதுகு 5 மில்லிமீட்டர், முகம் தபால் அட்டை. நேற்று நெற்றியைத் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. ஐந்து பொம்மையும் இப்படித்தான். வேகத்தைக் கூட்டட்டுமா?

ஈரக்காற்று: மழைக்காலமா? ரெசினில் ஈரம் சேர்ந்தால் நுரைத்துவிடும்.

கொலுப்படி: நுரையே இல்லை சார். வழவழவென்றுதான் இருக்கிறது.

லேத்து_மாமா: இப்போது எத்தனை சுற்று?

கொலுப்படி: எண்ணிப் பார்த்தேன் மாமா, நிமிடத்துக்கு 60.

லேத்து_மாமா: அடேயப்பா, மிக்ஸி ஓட்டுகிறீர்களா! ரெசின் தன் எடையால் வழிந்துதான் சுவரை நனைக்க வேண்டும். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, 60 சுற்றில் வெளியே வீசும் விசை புவியீர்ப்பில் ஐந்தில் இரண்டு பங்கு வந்துவிடும். 12 சுற்றில் அது அறுபதில் ஒரு பங்குதான். வேகத்தைக் குறைக்க வோல்டேஜைக் குறைத்தால் மோட்டார் திணறும், ஒரு பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் (மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து வேகத்தைக் குறைப்பது) போடுங்கள்.

ஆனால் உங்கள் கோளாறு வேகம் மட்டும் இல்லை. இரண்டும் 20 பல் என்றீர்களே, அதில்தான் சந்தேகம். வெளிச்சட்டம் ஒரு சுற்று சுற்றினால் உள்சட்டமும் சரியாக ஒரு சுற்று. அப்படியென்றால் மோல்டின் ஒரு பக்கம் ஒருபோதும் அடியில் வராது. ரெசினை வீணாக்க வேண்டாம். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பந்தில் இரண்டு ஸ்பூன் பெயின்ட் விட்டு, மோல்டுக்குப் பதில் மாட்டி, சட்டத்தை மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள்.

கொலுப்படி: மாமா, லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போட்ட மாதிரி ஒரே தடம்! எத்தனை சுற்று விட்டாலும் அதே எட்டின் மேலேயே போகிறது. எதிர்ப்பக்கம் ஒரு துளிகூடப் படவில்லை.

லேத்து_மாமா: அந்தப் பக்கம்தான் உங்கள் கிருஷ்ணரின் முகம். மோல்டைத் திருப்பி மாட்டினால் முகம் தப்பும், முதுகு ஓட்டையாகும். பெவலைக் கழற்ற வேண்டாம். அதற்கும் உள்சட்டத் தண்டுக்கும் நடுவில் சைக்கிள் செயின் போடுங்கள். பெவல் பக்கம் 18 பல், உள்சட்டத்தில் 16. வெளியே 8 சுற்றுக்கு உள்ளே 9 சுற்று. தடம் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நகர்ந்து, 12 சுற்று வேகத்தில் 40 விநாடிக்கு ஒரு முறைதான் பழைய இடத்துக்குத் திரும்பும். பழைய ஃப்ரீவீலை மாட்டினால் பற்றவைத்து இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் சும்மா சுற்றும்.

கொலுப்படி: போட்டாச்சு. முகம், முதுகு இரண்டும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். புல்லாங்குழல் பிடித்த விரல்கள் மட்டும் இன்னும் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

லேத்து_மாமா: அங்கே காற்று மாட்டிக்கொள்கிறது. மோல்டை மூடும் முன் கொஞ்சம் ரெசினைப் பிரஷ்ஷால் விரல் குழிக்குள் தடவுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மீதியை ஊற்றி ஓட்டுங்கள். மாஸ்க் போடுகிறீர்கள்தானே?

கொலுப்படி: கைக்குட்டை கட்டுகிறேன்.

லேத்து_மாமா: ரெசினிலிருந்து வரும் ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், கைக்குட்டையில் அது நிற்காது தம்பி. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்கிவிட்டு அடுத்த பொம்மையை ஊற்றுங்கள்.