முந்திரித் தோட்டு எண்ணெய்: சுண்ணாம்பு போட்டும் அனகார்டிக் அமிலம் படியவில்லை

கேள்வி (மருந்தியல் மாணவி, ஊட்டி)
வணக்கம். முந்திரித் தோட்டு எண்ணெயிலிருந்து அனகார்டிக் அமிலத்தைப் பிரித்து ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் (சீழ்ப் புண் உண்டாக்கும் பாக்டீரியா) மேல் சோதிக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் ஓர் ஆலையில் வாங்கிய எண்ணெயை மெத்தனாலில் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால், அமிலம் கால்சியம் உப்பாகப் படிய வேண்டும்; ஆனால் படிவது பெரும்பாலும் வெறும் சுண்ணாம்புதான். அகார் தட்டிலும் கிருமி வளராத வளையம் 8 மி.மீ. தாண்டவில்லை. எங்கே பிசகு?

பதில் 1 (குன்னூர்)
பிசகு எண்ணெயில். ஆலையில் விற்பது பெரும்பாலும் சூடாக்கியது. 180 டிகிரி வாக்கில் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதி கரியமில வாயுவாகப் போய்விடும், மிஞ்சுவது கார்டனால் என்ற பீனால். பெயின்ட், பிரேக் லைனிங் வேலைக்கு அதுதான் வேண்டும், உங்களுக்கு வேண்டாம். கார்டனால் சுண்ணாம்போடு இப்படிப் படியாது. ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்துப் பாருங்கள்: 1645 செ.மீ⁻¹ பக்கத்தில் கார்பானைல் முகடு இல்லையென்றால் அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள்.

ஆவியில் வேகவைத்து வெட்டிய கொட்டையின் தோடாகக் கேட்டு வாங்குங்கள், டிரம்மில் வறுத்தது கூடாது. கரகரப்பாக இடித்து அசிட்டோனில் ஓர் இரவு ஊறவைத்து வடியுங்கள். அசிட்டோனை வெற்றிடத்தில் 40 டிகிரிக்குள் ஆவியாக்குங்கள். வரும் எண்ணெய் 100 கிராமுக்கு, 5% தண்ணீர் கலந்த மெத்தனால் 600 மி.லி. கால்சியம் ஹைட்ராக்சைடு 50 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, 50 டிகிரியில் 3 மணி நேரம் கலக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டிதட்டி, நடுவில் எண்ணெய் சிக்கிக்கொள்ளும். படிவைக் கழுவும் மெத்தனால் நிறமில்லாமல் இறங்கும்வரை கழுவுங்கள். கார்டாலும் (எண்ணெயில் உள்ள இன்னொரு பீனால்) கார்டனாலும் அதில்தான் வெளியேறும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் கலக்கி, எத்தில் அசிட்டேட்டில் இழுத்தால் 60 கிராம் வரை கிடைக்கும்.

பதில் 2 (கோத்தகிரி)
நல்ல அமிலம் கிடைத்தாலும் வளையத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். 15 கார்பன் பக்கச் சங்கிலி உள்ள பொருள் அகாரில் பரவாது. திரவ மீடியத்தில் இரட்டை நீர்ப்பு செய்து (குழாய்க்குக் குழாய் செறிவைப் பாதியாக்கி) எம்.ஐ.சி., அதாவது கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு, பாருங்கள். அமிலத்தைக் கரைக்கப் போடும் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான் 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும், அது மட்டும் போட்ட குழாயும் ஒன்று வேண்டும். சீரம் சேர்க்காதீர்கள்; அதிலுள்ள அல்புமின் புரதம் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று: கிடைப்பது ஒரே சேர்மம் இல்லை, ஒன்று முதல் மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ளவற்றின் கலவை. பெர்க்லியில் இசாவோ குபோ குழு பிரித்துப் பார்த்ததில் மூன்று உள்ளதுதான் கிராம் பாசிட்டிவ் கிருமிகள் (ஸ்டஃபைலோகாக்கஸ் போல வெளிச்சவ்வு இல்லாதவை) மேல் வீரியம் கூடியது. ஈ.கோலையிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அதன் வெளிச்சவ்வு உள்ளே விடாது.

உங்கள் ஊர் உயரத்தில் மீடியத்தைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் (நீராவி அழுத்தக் கலன்) கேஜ் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 117 டிகிரி வாக்கில்தான் இருக்கும். 121 வர 18, 19 பவுண்டு வேண்டும். கலன் தாங்கும் என்று தகட்டில் போட்டிருந்தால் மட்டும் ஏற்றுங்கள், இல்லையென்றால் 15 நிமிடத்தை 40 ஆக்குங்கள். கிருமி தப்பிய மீடியத்தில் எந்த எம்.ஐ.சி.யும் செல்லாது.

பதில் 3 (கொடைக்கானல்)
தோடு இடிக்கும்போதே நைட்ரைல் கையுறை போடுங்கள் அம்மா. லேட்டெக்ஸ் இந்த எண்ணெயில் தளர்ந்துவிடும். சேங்கொட்டை பட்டுக் கொப்பளித்தவர்கள் ஆய்வகத்தில் இருந்தால் இந்த வேலையில் விடாதீர்கள், இரண்டும் ஒரே குடும்பம். மிஞ்சிய தோட்டைக் குளிருக்கு அடுப்பில் போடவும் கூடாது, புகையே கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்.