பதில்: 'பில்லன்' (பாதிக்கும் கீழ வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு) காசுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?

> 'கலப்பு வெள்ளி'ன்னே போட்டுடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனா தப்பா புரியும். வெள்ளிக் காசுன்னு அடிச்சது பெரும்பாலும் எல்லாத்துலயும் கொஞ்சம் செம்பு இருக்கும், ஸ்டெர்லிங்னு சொல்ற உசந்த வெள்ளியிலயே நூத்துக்கு ஏழரை பங்கு வேற உலோகம்தான். நாம பேர் தேடுறது பாதிக்கும் கீழ வெள்ளி இருக்குறதுக்கு. அதோட கலப்புன்னதும் கலப்படம்தான் நினைப்புக்கு வருது.

இத்தாலியில முன்ன போப்பாண்டவர் ஆண்ட நாட்டோட சில்லறைக் காசு சேக்குற எனக்கு இது பெரிய விஷயங்க. போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் (1585–1590) காலத்து பயோக்கெல்லாங்கற சின்ன பில்லன் காசு ஒண்ணு எங்கிட்ட இருக்கு, ஃபானோ ஊர் அக்கசாலையில (காசு அடிக்கிற இடம்) அடிச்சது, ஒரு கிராம் பக்கம்தான் எடை, மேடான இடமெல்லாம் தேஞ்சு செவந்து கெடக்கு, எழுத்துக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல மட்டும் வெள்ளை ஒட்டிட்டு நிக்குது. புதுசா சேக்க வர்றவங்க இதைப் பாத்ததும் முலாம் பூசின கள்ளக்காசுன்னு ஒதுக்கிடுறாங்க. முலாமே கிடையாது! அச்சு அடிக்கிறதுக்கு முன்னாடி வில்லையை அமிலக் கரைசல்ல போட்டு எடுப்பாங்க, மேல் தோல்ல இருக்குற செம்பு கரைஞ்சு வெள்ளி மட்டும் மிஞ்சும், புதுசுல நல்ல வெள்ளி போலவே இருக்கும், பல கை மாறி அந்தத் தோல் தேஞ்சதும் உள்ள இருக்குற செம்பு வெளிய தெரியும். அப்படி வரத்தான் செய்யும், அது குத்தமில்ல.

அதனால என் பரிந்துரை 'குறைமாற்று வெள்ளி'. பத்தரை மாற்றுத் தங்கம்னு சொல்றோமே, பத்தர் உரைகல்லுல உரசிப் பாத்துச் சொல்ற அதே மாற்று. தரம் எவ்வளவுன்னுதான் சொல்லுது, ஏமாத்துன்னு சொல்லல.

> மாற்றுன்னா இப்ப 'மாற்று ஏற்பாடு'ன்னுதானே படிப்பாங்க? 'சில்லறை வெள்ளி' நல்லா இருக்கே.

தனியா 'மாற்று வெள்ளி'ன்னா குழப்பம் வரும், ஒத்துக்கறேன் அக்கா, ஆனா முன்னாடி 'குறை' வந்துட்டா அந்தக் குழப்பம் போயிடுது, எதிர்ச்சொல்லும் 'நிறைமாற்று'ன்னு தானா கிடைக்குது. சில்லறை வெள்ளி சரிப்படாது. போப் ஆறாம் பயஸ் 1795, 1796ல கஜானா காலியாகி 25 பயோக்கோ, 60 பயோக்கோ (பயோக்கோ அந்த நாட்டுச் சின்னப் பணம்) காசையே இந்த உலோகத்துல அடிச்சாரு. 100 பயோக்கோ சேந்தா ஸ்கூதோங்கற பெரிய வெள்ளிக் காசு ஒண்ணு, அப்ப 60ங்கறது அரை ஸ்கூதோவுக்கும் மேல, அதைப் போயி சில்லறைன்னு எப்படிச் சொல்றது? அதே சமயம் வந்த சாம்பியெத்ரீனோ, பேதுரு தலை போட்ட ரெண்டரை பயோக்கோ, அது நெசமாவே சில்லறை, ஆனா முழுக்கச் செம்பு, வெள்ளியே இல்ல.

இத்தாலிக்காரங்க பில்லனை 'மிஸ்தூரா'ன்னு சொல்றாங்க, அதை அப்படியே 'கலவை'ன்னு மாத்த வேணாம், சிமெண்ட் கலவைதான் கண்ணு முன்னால வரும்.

இன்னும் ஒண்ணுதான் தீரல. 'குறைமாற்றுவெள்ளி'ன்னு சேத்து எழுதுறதா, பிரிச்சு எழுதுறதா? எனக்குப் பிரிச்சு எழுதுறதுதான் கண்ணுக்கு இதமா இருக்கு. இலக்கணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஃபானோ காசோட உறையில எழுதிடறேன்.