டே டூட்டிக்கும் நைட் டூட்டிக்கும் தினமும் சண்டை, இன்சார்ஜாக நான் என்ன செய்யட்டும்?

சர்ஜிகல்_வார்டு:

எல்லோருக்கும் வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆண்கள் சர்ஜிகல் வார்டுக்கு இன்சார்ஜாகி ஐந்து மாதம் ஆகிறது. 34 படுக்கை. காலை 7.30, மதியம் 1.30, இரவு 7.30க்கு ஓவர் கொடுக்கிறோம், அதாவது அடுத்த ஷிஃப்ட்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கிறோம். பிரச்சினை முழுக்க அந்தக் காலை ஓவரில்தான்.

டே டூட்டியில் 14 வருட சர்வீஸ் உள்ள சீனியர் சிஸ்டர் ஒருவர் இருக்கிறார், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நைட்டில், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பிரதர் (ஆண் நர்ஸ்). டிரெயின் (ஆபரேஷன் செய்த இடத்து நீர் வடியும் குழாயும் பையும்) காலி செய்யவில்லை, ஆறு மணி ஆன்டிபயாட்டிக்குக்கு சார்ட்டில் கையெழுத்து இல்லை, கேன்யுலா (கையில் ஐ.வி. போடும் குழாய்) மாற்றவில்லை என்று தினமும் ஏதாவது ஒன்று. போன வாரம் நிரம்பி வழிகிற மாதிரி இருந்த யூரோபேக்கை (சிறுநீர்ப் பையை) படம் எடுத்து வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "இதுதான் நைட் டூட்டியா?" என்று சிஸ்டர் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை, கேஸ் ஷீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இதோடு போயிருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். மூன்று நாள் முன்பு ஒரு சர்க்கரை நோயாளிக்குக் காலை இன்சுலின் போடவில்லை. டே ஆள் போடுவார் என்று இவர் நினைக்க, சுகர் பார்த்த கையோடு நைட்டில் போட்டிருப்பார்கள் என்று அவர் நினைக்க, 11 மணிக்குப் பார்த்தால் சுகர் 380. உடனே டாக்டரிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டோம், நோயாளி நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் இன்னும் கை நடுங்குகிறது.

தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன், இருவருமே நான் எதிராளி பக்கம் என்கிறார்கள். ஷிஃப்ட் மாற்றிப் போட்டேன், சண்டை வேறு இருவருக்குப் போனது. என்.எஸ். (நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்) மேடம் இருவருக்கும் மெமோ கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பழைய_இன்சார்ஜ்:

மெமோவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் சிஸ்டர். ஆளை மாற்றியும் சண்டை நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் கோளாறு அந்த இருவரிடம் மட்டும் இல்லை. நைட் ஆளுக்கு 7.30க்கு டூட்டி முடிகிறது, டே ஆளுக்கு 7.30க்குத்தான் ஆரம்பம். நடுவில் ஓவருக்கென்று யார் கணக்கிலும் நேரம் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற ஆள் பஸ்ஸைப் பார்ப்பார், வந்தவர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் தயாராக வேண்டும் என்று பறப்பார். அந்த இடைவெளியில் விழுவதையெல்லாம் ஒருவர் தலையில் இன்னொருவர் கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் உட்கார்ந்து ஓவர் கொடுப்பதை நாளையிலிருந்து நிறுத்துங்கள். இருவரும் சேர்ந்து படுக்கை படுக்கையாக நடக்கட்டும். டிரெயின், யூரோபேக், ஐ.வி. போட்ட இடம், சார்ட் எல்லாவற்றையும் நான்கு கண்ணும் ஒன்றாகப் பார்க்கட்டும். சேர்ந்து பார்த்த பிறகு படம் எடுக்க என்ன இருக்கிறது? மருந்துக்குக் கொடுத்தவர் மட்டுமே கையெழுத்துப் போட வேண்டும், கொடுக்காததை "பாக்கி" என்று எழுதிக் காட்ட வேண்டும். முதல் ஒரு வாரம் நீங்கள் 7.15க்கே போய்க் கூடவே நடங்கள். குரூப்பில் படம் போடுவதை எல்லோருக்கும் சேர்த்தே தடை செய்யுங்கள், சீனியரை மட்டும் குறி வைத்த மாதிரி ஆகக்கூடாது.

இன்னொன்று. நான் இன்சார்ஜாக இருந்தபோது என்னோடு படித்தவர் என்பதற்காக ஒரு சிஸ்டர் சொன்னதை மட்டும் நம்பி, ஒரு சின்னப் பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டினேன். அந்தப் பெண் அடுத்த மாதமே வேலையை விட்டுப் போனாள். தப்பு அவள்மேல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அது உறுத்துகிறது. இருவரையும் தனித்தனியாக மட்டும் கேட்காமல், ஒரே அறையில் உட்கார வைத்து, நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

தியேட்டர்_டெக்னீஷியன்:

நான் ஆபரேஷன் தியேட்டர் ஆள். எனக்கு இதில் யூரோபேக்கைவிட இன்சுலின்தான் பயமாக இருக்கிறது. "போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும், பேச்சுவார்த்தை இல்லாததால் கேட்கவில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கிளம்பிய விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர், எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். சீனியர் கேப்டன் விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார், அதற்குமேல் இவர் கேட்கவில்லை. அந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் ஜூனியர் எப்படி வாய்திறந்து சொல்வது, சீனியர் எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது என்பதையே விமானப் பணியாளர்களுக்குப் பயிற்சியாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் தியேட்டரிலும் கத்தி வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும், உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கிறது. ஆரம்பத்தில் தினமும் பார்க்கிற ஆட்களிடம் எதற்குப் பெயர் சொல்வது என்று எனக்கே தோன்றியது. ஆனால் ஒருமுறை வாயைத் திறந்தவர், அப்புறம் பஞ்சு எண்ணிக்கை குறைகிறது என்று சர்ஜனிடம் சொல்லத் தயங்குவதில்லை, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இன்சுலின், ஆன்டிபயாட்டிக், ரத்தம் மூன்றையும் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கியே தீர வேண்டும் என்று வையுங்கள். நட்பாகப் பழகுவது அவர்கள் விருப்பம்.

நைட்டிங்கேல்_தங்கை:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் யாருமே ஒன்றைக் கேட்கவில்லை. 34 படுக்கைக்கு நைட்டில் எத்தனை பேர்? பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. இரண்டு பேரை விட்டுவிட்டு அவர்களை ஒழுங்காகப் பேசிக்கொள்ளுங்கள் என்றால் எப்படி அக்கா? மெமோ கொடுத்தால் நிர்வாகத்தின் தப்பு இரண்டு நர்ஸ்களின் ஃபைலில் போய் உட்காரும். இரண்டு வாரம் எந்த ஷிஃப்ட்டில் எத்தனை வேலை பாக்கி, அன்று எத்தனை பேர் டூட்டி, எத்தனை ஆபரேஷன் கேஸ் என்று எழுதி என்.எஸ்.ஸிடம் கொடுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள், எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், அந்தச் சண்டையில் சாதிப் பேச்சோ அசிங்கமான பேச்சோ இருந்ததா என்று தனியாக விசாரியுங்கள். இருந்தால் அது ஓவர் பிரச்சினை இல்லை, சமாதானம் பேசி முடிக்கக் கூடாது. பாலியல் சீண்டல் என்றால் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அங்கேதான் போக வேண்டும்.

வார்டு_பிரதர்:

படுக்கையோரம் ஓவர் நல்லதுதான், நாங்களும் செய்கிறோம். ஆனால் அட்டெண்டர் (நோயாளியோடு கூட இருப்பவர்) நிற்கும்போது எச்.ஐ.வி. ரிசல்ட், கேன்சர் என்று சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். அதை மட்டும் ஸ்டேஷனில் முடித்துவிட்டு நடங்கள்.

சர்ஜிகல்_வார்டு:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். மெமோ கொடுக்கவில்லை. தங்கை கேட்டதற்குப் பதில்: நைட்டில் மூன்று பேர், ஒருவர் லீவு என்றால் இரண்டு. வேறு மாதிரிப் பேச்சு எதுவும் இல்லை, விசாரித்துவிட்டேன்.

இருவரையும் உட்கார வைத்து அந்தப் படத்தைப் பற்றியே பேசினோம். அந்தப் பைக்குரிய நோயாளி புராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர், பிளாடர் வாஷ் (சிறுநீர்ப்பைக்குள் நீர் விட்டுக் கழுவுவது) ஓடிக்கொண்டிருந்தது. 5.15க்குப் பையைக் காலி செய்து அவுட்புட் சார்ட்டில் பிரதர் எழுதியிருக்கிறார். இரண்டு லிட்டர் பை, வாஷ் வேகமாக ஓடினால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி நிறைந்துவிடும். சார்ட்டை நான் உட்பட யாருமே எடுத்துப் பார்க்கவில்லை. சிஸ்டர் சார்ட்டைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "நான் கேட்டிருக்கணும் தம்பி" என்றார். குரூப்பிலும் அவரே எழுதினார். நைட்டில் ஆன்டிபயாட்டிக் கையெழுத்து விட்டுப்போனது உண்மைதான் என்று பிரதரும் ஒத்துக்கொண்டார்.

இப்போது நடந்தே ஓவர் எடுக்கிறோம், 25 நிமிடம் ஆகிறது, நைட் ஆட்களுக்கு எட்டு மணி ஆகிவிடுகிறது என்று வருத்தம், அது நியாயமானதுதான். அந்த நேரத்தை டூட்டி நேரமாகச் சேர்க்கச் சொல்லியும், பாக்கி வேலைக் கணக்கோடு நைட்டுக்கு இன்னொரு ஆள் கேட்டும் திங்கட்கிழமை என்.எஸ். மேடத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.