எக்செலில் கிடக்கும் ரிக்வயர்மென்டை மாடலிங் டூலுக்கு மாற்றலாமா?

கேள்வி: பம்ப்மென்பொருள்

வணக்கம். மருந்தை நரம்பு வழியாக அளந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்புக்கு மென்பொருள் எழுதும் சின்னக் குழு எங்களுடையது. ரிக்வயர்மென்ட் (மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற தேவைகள்) எல்லாம் ஒரே எக்செல் ஃபைலில் இருக்கிறது, ஏறக்குறைய 350 வரி. டெஸ்ட் கேஸ் இன்னொரு ஃபைலில். எந்த டெஸ்ட் எந்த ரிக்வயர்மென்டுக்கு என்பதை எண்ணாகக் கையால் தட்டி வைத்திருக்கிறோம். ரிக்வயர்மென்ட் ஷீட்டில் யாராவது நடுவில் ஒரு வரியைச் செருகி எண்களை மாற்றிவிட்டால் டெஸ்ட் ஷீட்டுக்கு அது தெரியாது.

மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஈசி 62304 தரநிலையில் இது சி வகுப்பு, அதாவது தவறினால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய மென்பொருள். ஆடிட்டர் ஒரு வரியைச் சுட்டி "இது எங்கிருந்து வந்தது, எந்த டெஸ்ட் இதைச் சரிபார்க்கிறது" என்று கேட்டால் மூன்று ஃபைலைத் திறந்து தேட வேண்டியிருக்கிறது.

டிசைன் ஏற்கெனவே என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் என்ற மாடலிங் டூலில் இருக்கிறது. ரிக்வயர்மென்டையும் அதற்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம் என்கிறார் எங்கள் ஆர்க்கிடெக்ட். "படம் வரைந்தால் வேலை முடிந்துவிடுமா?" என்கிறார் மேனேஜர். வெள்ளோட்டமாக 40 வரியை உள்ளே இழுத்து ஒரு டயகிராமில் போட்டுப் பார்த்தேன். கோடுகளுக்கு நடுவே எழுத்தே தெரியவில்லை.

மாற்றுவது பயன் தருமா? அம்புக்குறிகளை எந்தத் திசையில் போடுவது? டூலைத் திறக்கவே மாட்டேன் என்கிற மருத்துவ ஆலோசகர்களிடம் எப்படி ஒப்புதல் வாங்குவது?

பதில்: நள்ளிரவுபில்ட்

லைசென்ஸ் கையில் இருக்கிறது, டிசைனும் அங்கேதான் இருக்கிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. மாற்றுங்கள். ஒரே ஒரு விஷயம்: எக்செல் வரிசை எண்ணை ஐடியாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு முறை கொடுத்த ஐடி கடைசிவரை அதே ரிக்வயர்மென்டுக்குத்தான். அதை நீக்கினாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

பதில்: பழையடெஸ்டர்

நான் டெஸ்டிங் பக்கத்திலிருந்து வந்தவன். அதனால் என் பதில் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேனேஜர் கேட்பது நியாயமான கேள்வி. படத்துக்காக மாடலிங் டூலுக்குப் போனால் ஏமாற்றம்தான். லிங்குக்காகப் போங்கள். 350 ரிக்வயர்மென்டை டயகிராமாகப் படிக்கிற மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. எழுதுவதற்கு அந்த டூலிலேயே ஸ்பெசிஃபிகேஷன் மேனேஜர் இருக்கிறது, அது பார்க்க ஷீட் மாதிரியேதான் இருக்கும். லிங்க் போடவும் சரிபார்க்கவும், எது எதோடு சேர்கிறது என்று கட்டம் போட்டுக் காட்டும் ரிலேஷன்ஷிப் மேட்ரிக்ஸ். வேலை இந்த இரண்டிலேயே ஓடிவிடும். டயகிராம் எப்போது என்றால், கூட்டத்தில் நாலு பேர் ஒரே ரிக்வயர்மென்டைப் பற்றி நாலு விதமாகப் பேசும்போது. அப்போது அந்த ஒன்றையும் அதைச் சுற்றி இருக்கும் ஐந்தாறையும் மட்டும் எடுத்துப் போட்டால் போதும்.

மாற்றுவதற்கு முன் வாக்கியங்களைப் பாருங்கள். உங்கள் ஷீட்டில் இப்படி ஒரு வரி இல்லாமல் இருக்காது: "குழாயில் காற்று வந்தால் பம்ப் உடனே நின்று, அலாரம் அடித்து, நிகழ்வு பதிவாக வேண்டும்." பார்க்க ஒரு வரி, உள்ளே மூன்று ரிக்வயர்மென்ட். மோட்டார் நின்றது, அலாரம் அடித்தது, பதிவு மட்டும் ஆகவில்லை என்றால் அந்த டெஸ்ட் பாஸா, ஃபெயிலா? அப்புறம் அந்த "உடனே". அதை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? எவ்வளவு காற்று வந்தால் "காற்று வந்தது" என்று எடுத்துக்கொள்வது?

இப்படிப் பிரிக்கலாம் (எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்ணை ரிஸ்க் அனாலிசிஸ்தான் சொல்ல வேண்டும்):

"100 மைக்ரோலிட்டருக்கு மேற்பட்ட காற்றுக்குமிழியை சென்சார் தெரிவித்தால், கன்ட்ரோலர் 200 மில்லிசெகண்டுக்குள் மோட்டாரை நிறுத்த வேண்டும்." அலாரத்துக்குத் தனியாக ஒன்று. பதிவுக்குத் தனியாக ஒன்று. மூன்றும் ஒரே சிஸ்டம் ரிக்வயர்மென்டிலிருந்து பிறந்தவை, அதனால் மூன்றிலிருந்தும் அதை நோக்கி, "இதிலிருந்து பிறந்தது" என்று சொல்லும் டிரைவ் லிங்க். "இது நடந்தால், இந்த சிஸ்டம், இதைச் செய்ய வேண்டும்" என்ற இந்த அமைப்பு 2009-இல் ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் வெளியிட்ட இயர்ஸ் என்ற ரிக்வயர்மென்ட் எழுதும் முறையில் ஒரு வகை. தேடிப் படியுங்கள், ஒரு மதியத்தில் பிடிபட்டுவிடும்.

அம்புக்குறி. இதில்தான் புதிதாக வருகிற எல்லோரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் மனசு அதை வேலை நகரும் திசையாக நினைக்கும்: ரிக்வயர்மென்டிலிருந்து டிசைனுக்கு, டிசைனிலிருந்து டெஸ்டுக்கு. சிஸ்எம்எல் என்ற மாடலிங் மொழியில் நேர் எதிர். டிசைன் பிளாக்கிலிருந்து ரிக்வயர்மென்டை நோக்கி சேட்டிஸ்ஃபை (நிறைவேற்றுகிறது). டெஸ்ட் கேஸிலிருந்து ரிக்வயர்மென்டை நோக்கி வெரிஃபை (சரிபார்க்கிறது). பிறந்த ரிக்வயர்மென்டிலிருந்து மூலத்தை நோக்கி டிரைவ். அதற்கு அடிப்படையான யுஎம்எல்லில் டிபென்டன்சி (சார்பு) அம்பு எப்போதுமே சார்ந்திருப்பதிலிருந்து சார்ந்திருக்கப்படுவதை நோக்கித்தான் போகும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அம்பின் கூர் இருக்கும் இடம் மாறினால், வால் இருக்கும் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். 200 மில்லிசெகண்ட் 150 ஆனால் மோட்டார் கன்ட்ரோலரையும் அந்த டெஸ்ட் கேஸையும் திறந்து பார்க்க வேண்டும் அல்லவா, அதுதான். பாதிப் பேர் ஒரு திசையிலும் மீதிப் பேர் மறு திசையிலும் போட்டால் மேட்ரிக்ஸ் பாதி காலியாகத் தெரியும். யார் லிங்க் போடவில்லை என்று ஒரு சண்டை வேறு நடக்கும்.

இம்போர்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. சிஎஸ்வி வழியாக முதல் முறை உள்ளே போட்டதும், ஜியுஐடி (ஒவ்வொரு எலிமென்டுக்கும் டூலே கொடுக்கும் தனி அடையாளம்) சேர்ந்து வரும் அமைப்பில் ஒரு முறை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். இனி எக்செலில் திருத்துவதெல்லாம் அந்த ஃபைலில்தான். ஜியுஐடி இருந்தால் இருக்கும் எலிமென்ட் அப்டேட் ஆகும். இல்லையென்றால் அத்தனையும் புதிதாகப் பிறக்கும், லிங்க் எல்லாம் பழையதோடு நிற்க, பக்கத்தில் லிங்க் இல்லாத இரட்டைகள் வந்து உட்காரும்.

இன்னொன்று, சின்னதுதான் ஆனால் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். டயகிராமில் டெலீட் அழுத்தினால் அந்தப் படத்திலிருந்து மட்டும்தான் போகும், மாடலில் அப்படியே இருக்கும். கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் மாடலிலிருந்தே போய்விடும்.

பதில்: பம்ப்மென்பொருள்

மிக்க நன்றி. அந்தக் காற்றுக்குமிழி வரி கிட்டத்தட்ட அப்படியே எங்கள் ஷீட்டில் இருக்கிறது, "உடனே" உட்பட!

லிங்கை எவ்வளவு ஆழம் கொண்டுபோவது? ஒவ்வொரு கிளாஸுக்கும், முடிந்தால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் போடலாம் என்று ஆர்க்கிடெக்ட் நினைக்கிறார்.

பதில்: பழையடெஸ்டர்

வேண்டாம். ஃபங்ஷன் பெயர் வாரத்துக்கு ஒரு முறை மாறும். அந்த லிங்கைப் பராமரிக்கத் தனியாக ஒரு ஆள் போட வேண்டும், அந்த ஆள் அடுத்த ரிலீஸுக்குள் வேறு வேலை தேடிப் போய்விடுவார். 62304 டிரேசபிலிட்டி (எது எதிலிருந்து வந்தது என்ற தொடர்பு) கேட்பது சிஸ்டம் ரிக்வயர்மென்ட், மென்பொருள் ரிக்வயர்மென்ட், மென்பொருள் சிஸ்டம் டெஸ்ட், மென்பொருளில் செய்யப்பட்ட ரிஸ்க் கன்ட்ரோல் ஆகிய நான்குக்கும் இடையே. சி வகுப்புக்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் விரிவான டிசைன் வேண்டும் என்பது உண்மை, ஆனால் அது வேறு கணக்கு. டிசைன் பக்கம் காம்பொனென்ட் மட்டத்தோடு நிறுத்துங்கள். ரிஸ்க் கன்ட்ரோலுக்கு மட்டும் ஒரு படி கீழே போங்கள்: ஆபத்து, அதன் காரணம், அதற்கான கட்டுப்பாடு, அந்தக் கட்டுப்பாடு வேலை செய்கிறது என்று காட்டும் டெஸ்ட் என்று சங்கிலி விடாமல் வர வேண்டும். ஆடிட்டர் பிடித்து இழுக்கப்போவது அந்தச் சங்கிலியைத்தான்.

மருத்துவர்களுக்கு டூல் வேண்டாம், கட்டாயப்படுத்தவும் கூடாது. பேக்கேஜுக்கு பேஸ்லைன் (அன்றைய நிலையை அப்படியே சேமித்த பிரதி) எடுத்து, அதிலிருந்து வேர்ட் டாக்குமென்டை ஜெனரேட் செய்து, பேஸ்லைன் பெயரையும் தேதியையும் முதல் பக்கத்தில் போட்டு அனுப்புங்கள். அவர்கள் ஓரத்தில் குறிப்பு எழுதட்டும், ஆனால் அந்தப் பிரதியையே திருத்தி "இதுதான் கடைசி" என்று அனுப்பினால் வாங்காதீர்கள். குறிப்பைப் பார்த்து மாடலில் திருத்துவது உங்கள் குழுவில் ஒருவரின் வேலை. அடுத்த சுற்றில் பேஸ்லைனோடு கம்பேர் செய்து, மாறியதை மட்டும் காட்டினால் அவர்களும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

பதில்: கிட்கிளை

மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மாடல் ஃபைலை கிட்டில் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் டூல்) போட்டு இரண்டு கிளைகளை மெர்ஜ் செய்து பார்த்திருக்கிறீர்களா? என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் 16 முதல் வரும் ஃபைல் எஸ்க்யுலைட் டேட்டாபேஸ். எது மாறியது என்று டிஃப் போட்டால் ஒன்றும் படிக்க முடியாது. பப்பைரஸ் என்ற மாடலிங் டூல் எக்ஸ்எம்ஐ ஃபைலாகச் சேமிக்கும், அதன் டிஃபும் கண்ணைக் கட்டும். டோர்ஸ்டாப் மாதிரி ஒரு டூலை எடுத்தால் ஒரு ரிக்வயர்மென்ட் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். புரோகிராம் கோடும் ரிக்வயர்மென்டும் ஒரே கமிட்டில் மாறும், ஒரே ரிவ்யூவில் பார்த்துவிடலாம். லிங்க் எழுதியபின் மூல ரிக்வயர்மென்ட் மாறியிருந்தால் அந்த லிங்க் சந்தேகத்துக்குரியது என்று அதுவே சொல்லும். ஸ்ட்ரிக்ட்டாக், ஸ்ஃபிங்க்ஸ் நீட்ஸ் என்று வேறு டூல்களும் இருக்கின்றன. எல்லாமே ஓப்பன் சோர்ஸ்.

பதில்: பழையடெஸ்டர்

இதில் மறுக்க ஒன்றுமில்லை. டிசைன் மாடலாக இல்லாத குழுவுக்கு நானும் இதைத்தான் சொல்வேன். குறிப்பாக அந்தச் சந்தேக லிங்க் வசதி அருமையானது, பேஸ்லைன் கம்பேரில் நாமே கண்ணால் தேடுவதை அது தானாகச் செய்கிறது. ஆனால் இவர்களுக்கு டிசைன் ஏற்கெனவே மாடலில் இருக்கிறது. ரிக்வயர்மென்டை டெக்ஸ்டில் வைத்தால் சேட்டிஸ்ஃபை லிங்கை மறுபடியும் எண்ணாகத் தட்ட வேண்டும், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பார்கள். பின்னாளில் மாற வேண்டி வந்தால் ரெக்ஐஎஃப் இருக்கிறது. ஜெர்மன் கார் தொழிலில் பிறந்து 2011-இல் ஓஎம்ஜி என்ற அமைப்பின் தரநிலையாக ஆன பரிமாற்ற வடிவம் அது. எழுத்தும் ஐடியும் பத்திரமாகப் போகும். டிசைனுக்குப் போகும் லிங்க் எல்லாமே கூட வரும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், முதலில் ஒரு சின்னப் பேக்கேஜை அனுப்பிப் பாருங்கள்.

பதில்: பம்ப்மென்பொருள்

ஆர்க்கிடெக்டிடமும் மேனேஜரிடமும் இந்தத் திரியைக் காட்டினேன். அலாரம் சம்பந்தப்பட்ட ரிக்வயர்மென்டை மட்டும் முதலில் பிரித்து எழுதி, ஒரு பேக்கேஜாக உள்ளே கொண்டுவரலாம் என்று முடிவாகியிருக்கிறது. மற்றதெல்லாம் இப்போதைக்கு எக்செலிலேயே. "படம் இல்லாமல் மேட்ரிக்ஸ் மட்டும் காட்டு" என்று மேனேஜரே சொல்லிவிட்டார். அவருக்கு அதில் என்ன காட்டுவது?

பதில்: பழையடெஸ்டர்

வரிசையில் ரிக்வயர்மென்ட், மேலே டெஸ்ட் கேஸ், இடையே வெரிஃபை லிங்க். காலியாக இருக்கும் வரிசை டெஸ்ட் இல்லாத ரிக்வயர்மென்ட், அதை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் மேலேயிருந்து கீழாகவும் பாருங்கள். எந்த ரிக்வயர்மென்டோடும் சேராத டெஸ்ட் கேஸ் சில கண்டிப்பாகத் தட்டுப்படும். அவற்றை வீண் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். "அலாரம் அடிக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் என்ன ஆகிறது" என்று எவரோ ஒரு டெஸ்டர் அனுபவத்தில் எழுதி வைத்திருப்பார், அதற்கான ரிக்வயர்மென்டை மட்டும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அந்த டெஸ்டரோடு அரை மணி நேரம் உட்காருங்கள், மேனேஜரையும் கூட வைத்துக்கொண்டு.