பிகினித் துணைக்கப்பல் மாலுமிகள் கதிர்வீச்சுக்கு உள்ளானவர்களா?

நெய்தலான்:
1946 ஜூலை 25 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினிப் பவழத்தீவுக் காயலில், அமெரிக்கா சோதனைக்காக நீருக்கடியில் வெடித்த ‘பேக்கர்’ அணுகுண்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இலக்காக நிறுத்தப்பட்ட கப்பல்களோடு நின்றுவிடுகிறது. வெடிப்பின்போது தொலைவில் காத்திருந்து, பின்னர் அதே காயலுக்குள் வந்து நங்கூரமிட்ட ஏறத்தாழ 150 துணைக்கப்பல்களின் மாலுமிகளும் கதிர்வீச்சுக்கு உள்ளானவர்களே என்பது என் வாதம். கதிரியக்கம் கலந்த அந்த நீரைக் காய்ச்சி வடித்துத்தான் அவர்கள் குடித்தார்கள்.

அளவுகோல்:
குடிநீர்க் கூற்றை ஏற்க இயலாது. கடல்நீரைக் காய்ச்சும்போது அணுப்பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் பெரும்பாலும் உப்போடு கலனிலேயே தங்கிவிடும். வடிந்து வரும் நீர் ஏறக்குறையத் தூயது. மேலும், ஒருவர் பெறும் கதிர்வீச்சு நாளொன்றுக்கு 0.1 ராண்ட்ஜனை (கதிர்வீச்சின் அலகு) மீறக்கூடாது என்ற வரம்பு அப்போதே நடைமுறையில் இருந்தது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 1996இல் வெளியிட்ட ஆய்வு, அந்தச் சோதனையில் பங்கேற்ற கடற்படையினரை, பங்கேற்காத கடற்படையினரோடு ஒப்பிட்டது. மொத்த இறப்பு வீதம் 4.6 சதவீதம் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் கதிர்வீச்சுதான் காரணம் என்றால் முதலில் கூடியிருக்க வேண்டிய இரத்தப் புற்றுநோயில், புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க உயர்வு எதுவும் இல்லை.

நெய்தலான்:
குடிநீரைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதே என் அடுத்த வாதத்துக்கு வழி திறக்கிறது. கலனில் தங்கியது எங்கே போனது? காய்ச்சு கலன்களின் உட்சுவரிலும் குளிர்விப்புக் குழாய்களிலும் படியும் சுண்ணப் பொருக்கில் அது நாளுக்கு நாள் சேர்ந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் வயிற்றில் ஒட்டிய பாசியிலும் சேர்ந்தது. பொருக்கைச் சுரண்டி எடுப்பது இயந்திர அறை ஊழியரின் வழக்கமான வேலை. அந்தத் தூசியைச் சுவாசித்தவருக்கு மார்பில் குத்திய, கதிர்வீச்சை அளக்கும் பிலிம் பட்டை எதைச் சொல்லும்? குண்டிலிருந்த ஏறத்தாழ 6 கிலோ புளூட்டோனியத்தில் பெரும்பகுதி பிளவுறாமலே சிதறியது. அதன் ஆல்ஃபா துகள்கள் பிலிமில் பதியா. அந்தப் பட்டையும் எல்லோருக்கும் தரப்படவில்லை.

கதிர்ப் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் கர்னல் ஸ்டாஃபோர்ட் வாரன், காயலில் பிடித்த மீன் ஒன்று தன் உடலின் கதிரியக்கத்தாலேயே ஒளிப்படத் தகட்டில் தன் உருவைப் பதித்துக்கொண்டதைக் காட்டியும், புளூட்டோனியம் பரவியிருப்பதற்கான சான்றுகளை முன்வைத்தும் வாதிட்ட பிறகுதான், ஆகஸ்ட் 10 அன்று சோதனையின் தளபதி அட்மிரல் பிளாண்டி இலக்குக் கப்பல்களைக் கழுவும் பணியை நிறுத்தினார். அதற்குள் குண்டு வெடித்து இரண்டு வாரத்துக்கும் மேலாகியிருந்தது.

கரைநிலவன்:
இடையில் ஒரு சொல். 1988இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், சோதனைகளில் பங்கேற்ற படையினருக்குக் குறிப்பிட்ட 13 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்தால், பெற்ற அளவை மெய்ப்பிக்காமலே இழப்பீடு பெற வழி செய்தது. துணைக்கப்பலினரும் அதில் அடங்குவர். எனவே உங்கள் இருவரின் வழக்கில் பாதி முடிந்துபோனது.

அளவுகோல்:
சட்டத்தின் கருணையை அறிவியல் சான்றாகக் கொள்ள முடியாது. பிலிம் பட்டைகளை நம்ப முடியாது என்பதை அந்த 1996 ஆய்வுக் குழுவும் அறிந்திருந்தது. அதனால்தான் அளவீடுகளை விலக்கி, இலக்குக் கப்பலில் ஏறியவர், இயந்திரப் பிரிவினர் எனப் பணியை வைத்துப் பிரித்துப் பார்த்தது. இயந்திரப் பிரிவினரிடம் இறப்பு மிகை 5.1 சதவீதம், பங்கேற்ற மொத்தக் கடற்படையினரிடம் 4.6. உங்கள் சுண்ணப் பொருக்கு பெருங்காரணமாக இருந்திருந்தால் இந்த இடைவெளி இவ்வளவு குறுகியதாகவா இருக்கும்?

நெய்தலான்:
இயந்திரப் பிரிவில் இருந்த அனைவரும் கலனுக்குள் இறங்கிச் சுரண்டவில்லை. சுரண்டிய சிலரின் பாதிப்பு, கொதிகலனைக் கண்காணித்தவர், பம்பு பழுது பார்த்தவர் ஆகியோரின் பெருங்கூட்டத்தில் கலந்து நீர்த்துப்போகும். துணைக்கப்பலினர் அனைவரும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டார்கள் என்ற தொனி என் முதற்பதிவில் இருந்தது. அதைத் திரும்பப் பெறுகிறேன். பொருக்கைச் சுரண்டியவர்களுக்காக மட்டும் வாதிடுகிறேன், அந்தச் சிலரை உங்கள் 5.1 தனியே காட்டவில்லை.