பித்தளை விளக்கு அடிபட்டுப் போய்ச் சேர்ந்தது: கிளெய்ம் கடிதத்தில் எந்த ஆங்கிலச் சொல்லை எழுதுவது?

கேட்டவர்:
வணக்கம். அவசரமாக ஒரு உதவி வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கும் குடமும் வாங்கி, பாலிஷ் போட்டு, பார்சல் கட்டி மலேசியாவுக்கு அனுப்புகிறேன், சின்ன அளவில்தான். போன மாதம் கப்பலில் போன 40 உருப்படியில் 11 அடிபட்டிருக்கின்றன. இன்சூரன்ஸ் இருக்கிறது. கிளெய்ம் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் 'டேமேஜ்டு' என்றே எழுதி, இரண்டு இடத்தில் மட்டும் அகராதியைப் பார்த்து 'மிஸ்ஷேப்பன்', 'டிஸ்ஃபிகர்டு' என்று போட்டேன். கடிதம் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு உருப்படிக்கும் என்ன ஆனது என்று தனித்தனியாக எழுத வேண்டுமாம், அதோடு 'மிஸ்ஷேப்பன்' என்றால் செய்யும்போதே வந்த குறையா என்று ஒரு கேள்வி வேறு.

தமிழில் என்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். நாலு குடத்தில் ஒடுக்கு. இரண்டு விளக்கின் தண்டு கோணிக்கொண்டு நிற்கிறது. ஒன்றில் உச்சியில் இருக்கும் அன்னத்தின் அலகு போய்விட்டது. ஒன்றில் எண்ணெய்த் தட்டின் விளிம்பு மூளி. ஒன்றில் விரிசல். ஒன்றில் மரை கெட்டுப்போய்த் திருகினால் ஏறவில்லை. கடைசி விளக்கு முழுக்கக் கறுத்து, அடியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பதில் 1, சரக்கு சர்வேயராக வேலை பார்த்தவர்:
தம்பி, 'மிஸ்ஷேப்பன்' என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். உருவமே சரியாக அமையவில்லை என்ற தொனி அதற்கு உண்டு, கோணல்மாணலாகக் காய்த்த காய்க்குச் சொல்வது போல. உங்கள் பொருள் நல்லபடியாகப் புறப்பட்டு வழியில் அடி வாங்கியது, அதைத்தான் சொல் காட்ட வேண்டும். கடல் சரக்குப் பாலிசியோடு பெரும்பாலும் இணைத்திருக்கும் 'இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ்' என்ற நிபந்தனைத் தொகுப்பில் 'ஏ' பிரிவுதான் இருப்பதிலேயே விரிவான பாதுகாப்பு, ஆனால் அதிலும் நாலாவது ஷரத்தை எடுத்துப் படியுங்கள். சாதாரணத் தேய்மானம், போதாத பேக்கிங், பொருளுக்குள்ளேயே இருக்கும் குறை, இந்த மூன்றுக்கும் பணம் கிடையாது. நீங்கள் தெரியாமல் எழுதுகிற ஒரு சொல் உங்கள் பொருளை இந்த மூன்றில் ஒன்றில் கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

குடத்துக்கு 'டென்டட்' போதும், எத்தனை ஒடுக்கு, எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் என்று சேர்த்து எழுதுங்கள். தண்டுக்கு 'பென்ட்'. அலகுக்கு 'ப்ரோக்கன் ஆஃப்', உடைந்த துண்டு பெட்டிக்குள் கிடந்ததா என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் துண்டு உள்ளேயே கிடந்தால் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் உடைந்தது என்பதற்கு அதுவே சாட்சி. விளிம்பு மூளிக்கு 'சிப்டு'. விரிசலுக்கு 'க்ராக்டு'.

மரை விஷயம் கவனம். பயணத்தில் மரை தேயாது. பெட்டி கீழே விழுந்து மரை நசுங்கியிருந்தால் 'த்ரெட் க்ரஷ்டு' என்று எழுதலாம். யாரோ கோணலாக வைத்துத் திருகிக் கெடுத்திருந்தால் அது 'க்ராஸ் த்ரெடட்', அதைக் கிளெய்மில் சேர்க்காதீர்கள். கறுத்த விளக்கும் அப்படித்தான். வெறுமனே 'டார்னிஷ்டு' என்று எழுதினால் பித்தளையின் சுபாவம் அது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அந்தப் பெட்டி நனைந்திருந்ததா?

கேட்டவர்:
ஆமாம் சார், அந்த ஒரு பெட்டியின் அடி மட்டும் ஊறிப்போய் உப்புப் பூத்திருந்தது என்று அங்கே வாங்கியவர் படம் அனுப்பியிருக்கிறார். மரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நசுங்கல் இல்லை, கோணலாகத் திருகியதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

பதில் 1:
அப்படியானால் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். 'கார்ட்டன் வெட் அட் பேஸ், சால்ட் ஸ்டெய்ன்ட்', அதற்குப் பிறகு விளக்கு 'டார்னிஷ்டு, வெர்டிக்ரி ஆன் பேஸ்'. பச்சைக் களிம்புக்கு ஆங்கிலத்தில் வெர்டிக்ரி என்றுதான் பெயர், 'கிரேக்கப் பச்சை' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மற்றப் பெட்டிகளையும் இப்படியே எழுதுங்கள். ஒரு மூலை அமுங்கியிருந்தால் 'கார்னர் க்ரஷ்டு', அட்டை கசங்கியிருந்தால் 'க்ரம்பிள்டு', கிழிந்திருந்தால் 'டோர்ன்'. பெட்டியின் காயமும் உள்ளே இருக்கும் பொருளின் காயமும் ஒரே பக்கத்தில் இருந்தால் உங்கள் கடிதம் பாதி ஜெயித்த மாதிரி. இனிமேல் அங்கே சரக்கை வாங்குகிறவர், ரசீதில் கையெழுத்துப் போடும் முன்பே பெட்டி நசுங்கியதை அதில் குறிக்கச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம்.

பதில் 2, ஆங்கில ஆசிரியை:
சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடிதங்களில் 'மெனி டேமேஜஸ்' என்று நிறையப் பார்க்கிறேன். சேதம் எவ்வளவு இருந்தாலும் 'டேமேஜ்' ஒருமைதான். 'டேமேஜஸ்' என்று எழுதினால் சட்டத்தில் அது நஷ்டஈட்டுத் தொகை, பொருளே மாறிவிடும்.

அப்புறம், இந்தச் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட என்ன நடந்து அப்படி ஆனது என்று யோசித்தால் சொல் தானாக வரும். டென்ட் என்பது பழைய ஆங்கிலத்தில் அடி என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது, அதனால் அடிபட்டுக் குழிந்தால் டென்ட். ஈரத்திலோ வெயிலிலோ பலகை தானாக நெளிந்துபோனால் 'வார்ப்டு', உங்கள் விளக்குத் தண்டுக்கு அது பொருந்தாது. மேலோட்டமான கீறல் 'ஸ்க்ராட்ச்', உராய்ந்து மங்கிய தடம் 'ஸ்கஃப்', உலோகத்தையே தோண்டி எடுத்தது போல் ஆழமாக இருந்தால் 'கவுஜ்'. ஒரு பக்கம் இறங்கிச் சாய்வாகத் தெரிவது 'லாப்சைடட்', இது முதலில் ஒரு பக்கம் சாய்ந்த கப்பலுக்குச் சொன்ன சொல். தமிழில் கோணல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம், ஆங்கிலத்தில் காரணம் கேட்டுப் பிரிப்பார்கள்.

பதில் 3, சைக்கிள் கடை வைத்திருப்பவர்:
எங்கள் கடையிலும் பிரித்துத்தான் சொல்வோம் மேடம். மட்கார்டில் விழுவது சொட்டை, ஆக்ஸில் வளைந்தால் பெண்டு, ரிம் சுற்றும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினால் கோட்டம். கோட்டம் எடுப்பது தனி வேலை, ஆரக் கம்பிகளை ஒன்றொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் நேராக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சைக்கிளின் புத்தகத்தில் 'பக்கிள்டு' என்று இருந்தது, அதுதான் கோட்டமா?

பதில் 2:
அதேதான் அண்ணா. பாரமோ அழுத்தமோ தாங்காமல் நெளிந்து போவது பக்கிள். லேசான கோட்டம் என்றால் 'அவுட் ஆஃப் ட்ரூ' என்றும் சொல்வார்கள், அதனால்தான் கோட்டம் எடுப்பதற்கு 'ட்ரூயிங்' என்று பெயர்.

வேறொருவர்:
மன்னிக்கவும், இந்த இடத்திலேயே கேட்டுவிடுகிறேன். முதல் கேள்வியில் 'டிஸ்ஃபிகர்டு' என்று பார்த்ததும் நெஞ்சில் என்னவோ செய்தது. என் அக்காவுக்குச் சின்ன வயதில் ஸ்டவ் வெடித்து இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு. வேலைக்கான விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் நான்தான் 'டிஸ்ஃபிகர்டு ஃபேஸ்' என்று நிரப்பினேன். அக்கா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் எழுதியது தப்பா?

பதில் 2:
தம்பி, நீங்கள் வேண்டுமென்று எழுதவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். தோற்றம் கெட்டுப்போனது என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. சட்டத்தில் அந்தச் சொல் உண்டு, இல்லாமல் இல்லை. கொடுங்காயத்தின் வகைகளில் ஒன்றாகத் தலையோ முகமோ நிரந்தரமாக உருக்குலைவது என்று இந்திய தண்டனைச் சட்டம் 320ஆவது பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவு. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே ஒருவருக்கு நேர்ந்த கொடுமையை அளக்க அது தேவை. அங்க அடையாளத்துக்கு எதற்கு? என்ன தழும்பு, எங்கே இருக்கிறது, இவ்வளவுதான் அவர்கள் கேட்பது. 'பர்ன் ஸ்கார் ஆன் லெஃப்ட் சீக்' என்று எழுதுங்கள்.

பிரிட்டனில் 1992இல் தொடங்கிய சேஞ்சிங் ஃபேசஸ் என்ற அமைப்பு 'விசிபிள் டிஃபரன்ஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது, கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு, அவ்வளவே. 'டிஃபார்ம்டு' என்பதும் இப்படித்தான், பாரம் ஏற்றியதால் வளைந்த இரும்புச் சட்டத்துக்கு எழுதினால் அது வெறும் பொறியியல் சொல், மனிதரைப் பார்த்துச் சொன்னால் குத்தும். தமிழிலும் பாருங்கள், விளிம்பு மூளி என்று விளக்கைச் சொன்னபோது யாருக்கும் வலிக்கவில்லை, அதே சொல்லை நகையில்லாத காதோடு நிற்கிற பெண்ணைப் பார்த்துச் சொல்லி எத்தனை பேரை அழவைத்திருக்கிறார்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. 'மிஸ்ஷேப்பன்', 'டிஸ்ஃபிகர்டு' இரண்டையும் எடுத்துவிட்டேன். மரை போன விளக்கை நீக்கி, 10 உருப்படிக்கும் படத்தோடு, பெட்டியில் தொடங்கி எழுதி அனுப்பியாயிற்று.

வேறொருவர்:
அந்த விண்ணப்பத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். மேடம் சொன்ன வரியை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "பேனாவைக் கொடு, நானே எழுதுகிறேன்" என்றாள்.