நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவா, பைபாஸா?

கேள்வி: பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 41, சர்க்கரை நோய், ராத்திரியில் புளித்த ஏப்பம். இப்படிப்பட்டவருக்கு எடை குறைக்க ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் இரண்டில் எந்த ஆபரேஷன் சரி?

பதில் 1: முதலில் எண்டோஸ்கோபி பார்க்கணும். ஸ்லீவில் இரைப்பையில் 75–80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குறுகிய குழாயை மட்டும் விடுவார்கள். உள்ளழுத்தம் கூடும், ஏற்கெனவே இருக்கிற எதுக்களிப்பு பெரும்பாலும் மோசமாகும். பைபாஸில் இரைப்பையின் மேலே சுமார் 30 மி.லி. பையை மட்டும் பிரித்துக் குடலோடு இணைப்பார்கள், அமிலம் ஏறுவது குறைவு. சர்க்கரைக்கும் அதுதான் ஒரு படி மேல்.

பதில் 2: ஆனால் பைபாஸ் செய்தபின் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை பக்கமே போகக் கூடாது. குடலை இணைத்த இடத்தில் புண் வரும். சிகரெட்டும் அப்படித்தான்.

பதில் 3: ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கால்சியம் சிட்ரேட்டாக இருக்கட்டும். கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அந்தச் சிறு பையில் அது குறைவு. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 2 மணி நேர இடைவெளி. வைட்டமின் பி12 ஆயுள் முழுக்க. புரதம் தினம் 60 கிராமாவது. சாப்பிட்டு அரை மணி கழித்தே தண்ணீர், மடக்கு மடக்காக.

கேட்டவர்: வாந்தி நிற்காவிட்டால்?

பதில் 3: காத்திருக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில வாரங்களிலேயே வைட்டமின் பி1 (தயமின்) தீர்ந்துபோய்ப் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போடச் சொல்லுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிப்பு முற்றிவிடலாம்.